சனிக்கிழமை சாயங்காலம் யாருடன்?

வணக்கம்ங்க அக்கா,

சோமனூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பேர் போட வேண்டாம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். நல்ல வேலைக்காரர், ஆனால் இந்த நாலஞ்சு வருஷத்தில் குடி முற்றிப்போச்சு. இப்போதெல்லாம் காலையிலேயே கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கிறது. கோயிலில் கயிறு கட்டினோம், இரண்டு மாசம் நன்றாக இருந்தார், அப்புறம் பழையபடிதான். கூட வேலை செய்கிறவர் ஒருத்தர், குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு வாரம் போய்விட்டு, "டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல, ஆளாளுக்கு அவங்கவங்க கதையைச் சொல்றாங்க, இதுல எனக்கென்ன" என்று நின்றுவிட்டார். கொழுந்தனார் படித்தவர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறார். இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரமே கிடையாது, நான் படித்துப் பார்த்துவிட்டேன் என்கிறார். மாமியார், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி ஒன்றை வரவழைத்து வைத்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லைங்க. சுய உதவிக் குழுக்களால் நிஜமாகவே பலன் உண்டுங்களா?

*

அன்புள்ள அம்மிணிக்கு,

முதலில் அந்தப் பொடி. தயவுசெய்து கொடுக்காதீர்கள், வீட்டில் வைக்கவும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவரைத் தவிர யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர்கள் அதைக் கொடுப்பதுண்டு, ஆனால் சாப்பிடுகிறவருக்கு எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான். தெரியாமல் கலந்து வைத்தால், அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை வாங்கி ஊற்றிக்கொண்டு தறிக்கு முன்னால் நிற்பார், என்ன நடக்கிறது என்று அவருக்கே புரியாது.

இரண்டாவது, அந்தக் காலை நேரக் கை நடுக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். குடி இல்லாமல் உடம்பு தாங்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டதற்கான அடையாளம் அது. இந்த நிலையில் யாரோ திட்டினார்கள் என்று ரோஷம் வந்து ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், நினைவு தடுமாறிப் பிதற்றலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால் கூட்டமோ கயிறோ எதுவானாலும், முதலில் டாக்டர். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். ஓரிரு வாரம் மருந்து கொடுத்து உடம்பைத் தெளியவைத்துவிடலாம். அதற்குப் பிறகு வருகிற மாதங்களில்தான் குழுவுக்கு வேலை.

சரி, கொழுந்தனாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல, ஆனால் பழைய தீர்ப்பு. 2006இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸால் பலன் உண்டு என்று உறுதியாக நிரூபித்த பரிசோதனை எதுவும் இல்லை என்றுதான் சொன்னது. அதில் நியாயமும் இருந்தது. கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டவரைக் கேட்டால் கூட்டம்தான் காப்பாற்றியது என்பார், பாதியில் நின்றவரை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை. விட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்தான் விடாமல் கூட்டத்துக்குப் போகிறாரோ என்ற சந்தேகமும் இருக்கிறது. அதைத் தீர்க்க, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை ஒரு வழிக்கும் மீதிப் பேரை இன்னொரு வழிக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆய்வுகள் பிறகு நிறைய வந்தன. 2020இல் அதே காக்ரேன், 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் என்று மறுபடி கணக்கெடுத்தது. ஆலோசகர் ஒருவர் முறையாகப் பேசி ஆளைக் குழுவோடு இணைத்துவிடும் வழியில், ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற மனநல சிகிச்சைகளில் 35 சதவீதம். குடிக்காத நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம், ஆனால் முழுசாக விடுவதில் குழு ஒரு படி மேல். அதே சமயம், குழு வழியில் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களால் ஒரு வருஷம் முழுசாக விட முடியவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பலன் தெரிந்தது ஆலோசகர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களிடம். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி கடைசி வரிசையில் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வருவது இதில் சேர்த்தியில்லை.

டாக்டர் இல்லாத கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்பது நல்ல கேள்வி. ஜான் கெல்லி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2012இல் 1,726 பேரின் விவரங்களை வைத்து இதையே அலசினார்கள். பெரிய பங்கு இரண்டு விஷயங்களுக்குப் போனது: கூடப் பழகுகிற ஆட்கள் மாறுவது, குடிக்கிற ஆட்கள் நடுவிலும் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தைரியம் வருவது. ரொம்ப முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு ஆன்மிகமும் உதவியது, ஆனால் அங்கேயும் சகவாசம்தான் முன்னால் நின்றது.

கோவையில், வெளியாட்களும் உட்காரலாம் என்கிற ஒரு கூட்டத்தில் இருந்திருக்கிறேன். வார்ப்படப் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் பேசினார். (அங்கே கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. இதை எழுத அவரிடமே கேட்டுச் சம்மதம் வாங்கினேன்.) "சனிக்கிழமை கூலி வாங்கினா நேரா இங்க வந்துருவனுங்க, கவரைப் பிரிக்கறதே இல்ல" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். கவர் பிரிக்காமல் அப்படியேதான் இருந்தது. கூட்டம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து பேக்கரியில் நாலைந்து பேர் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துத் தண்ணீர் வராததிலிருந்து பெண்ணுக்கு வரன் பார்ப்பது வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "பத்து மணிக்குக் கடை சாத்தீருவாங்கல்லீங்க" என்றார் ஒருவர்.

இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன் அம்மிணி. உங்கள் வீட்டுக்காரருக்கு சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கூட நடக்கிறவர்கள் யார்? அதே தறிக்குடோன் ஆட்கள், அதே கடை, பல வருஷத்துச் சிநேகிதம். குடியை விடச் சொல்கிற நாம், அந்தச் சிநேகிதத்தையும் சேர்த்து விடச் சொல்கிறோம், பதிலுக்கு ஒன்றும் தருவதில்லை. கயிறு இரண்டு மாசம் தாங்கியது, அவருக்கு மனசு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் கயிறு கூட உட்கார்ந்து டீ குடிக்காது. அவரைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனாரே கூட வேலை செய்கிறவர், அவர்தான் இந்தக் கதையில் மிக வேண்டியவர். அவரை விட்டுவிடாதீர்கள். அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இது தொடங்கியதே, குடியை விட முயன்ற பங்குத் தரகர் ஒருவர் தன்னைத் தக்கவைத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனதால்தான். உதவுகிறவருக்கே பலன் அதிகம் என்று ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் எழுதினார், பின்னால் வந்தவர்களும் அதைக் கவனித்திருக்கிறார்கள். உங்களவரும் என்றைக்காவது யாரையாவது கூட்டிப் போகிற ஆளாக வேண்டும்.

கூட்டமே வேண்டாம் என்று அவர் அடம்பிடித்தால் வேறு வழியும் உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடிக்கிற ஆண்களிடம் நான்கு முறைக்குள் பேசவைத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 26 சதவீதம். மனம்விட்டுப் பேச ஓர் ஆள் கிடைப்பதற்கே இவ்வளவு பலன்.

இனி உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தனார். நீங்கள் எங்கே? குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அங்கே போனால் அவர் குடியை விடுவாரா என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கானது. நியூ மெக்சிகோவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கே வர மறுத்தவர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று வழிகளில் பிரித்தார்கள். அல்-அனான் வழியில் 13 சதவீதம் பேரின் ஆட்கள்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து உட்காரவைத்து அதட்டுகிற வழியில் 30. குடும்பத்தாருக்கே சொல்லித்தருகிற கிராஃப்ட் என்ற பயிற்சியில் 64. ஆனால் மூன்றிலுமே குடும்பத்தாரின் மனபாரம் குறைந்தது.

அந்த கிராஃப்ட் சொல்லித்தருவது வீட்டில் செய்யக்கூடியதுதான். அவர் தெளிவாக இருக்கும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள், பிடித்ததைச் சமையுங்கள், கலகலவென்று பேசுங்கள். குடித்து வந்த நாளில் சண்டையும் வேண்டாம், சேவையும் வேண்டாம், ஒதுங்கிவிடுங்கள். முதலாளியிடம் காய்ச்சல் என்று அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்பதற்கு அவரே நொந்துகொள்கிற காலை வேளையைப் பாருங்கள், இரவில் கேட்காதீர்கள்.

உங்கள் ஊரில் மகளிர் குழு நிச்சயம் இருக்கும். 1989இல் தர்மபுரியில் தொடங்கி நம் பக்கமெல்லாம் பரவியது. தவணையும் வட்டியும் பேசுகிற இடத்தில் இதையும் பேசலாம். ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, பிரசவம், பச்சிளம் குழந்தை நலச் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்க்க ஏற்பாடு செய்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, பச்சிளம் குழந்தைகளின் சாவு குறைந்தது. அதோடு, மூன்றாவது வருஷத்தில் தாய்மார்களின் நடுத்தர அளவு மனச்சோர்வு, குழு இல்லாத ஊர்களைவிட 57 சதவீதம் குறைவாக இருந்தது. மனச்சோர்வுக்கென்று தனியாக யாரும் மருந்து கொடுக்கவில்லை.

அவர் கை நீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நீட்டுகிறார் என்றால் மேலே சொன்ன பொறுமையெல்லாம் உங்களுக்கானது இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புங்கள், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். மனசு தாங்காத இரவில் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. அந்தப் பொடி பற்றி எழுதியதை மாமியாரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவரும் மகனுக்காகத்தான் வாங்கியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.