டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் கோடை விடுமுறை நெருங்கினாலே இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். பிக்கப் டிரக், அதன் பின்னால் தங்கும் டிரெய்லர், அதற்கும் பின்னால் படகோ ஜெட் ஸ்கியோ. பதில் சொல்லத்தக்க ஏழு கேள்விகள் கீழே.

எங்கள் 26 அடி டிராவல் டிரெய்லரின் பின்பக்கம் சதுரக் குழாய் பம்பர் இருக்கிறது. அதில் ரிசீவர் (இழுவைப் பந்தைச் செருகும் சதுர வாய்) மாட்டி 14 அடி அலுமினியப் படகை இழுக்கலாமா? எல்லாம் சேர்த்து 1,000 பவுண்டுதான்.

கூடாது. அந்த 4 அங்குலச் சதுரக் குழாய் கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைப்பதற்கும், ஸ்டெப்னி டயரைத் தாங்குவதற்கும் போட்டது. தகடு மெல்லியது, ஃப்ரேமோடு அதைப் பிடித்திருப்பவை ஓரங்களில் உள்ள சில பற்றவைப்புகள் மட்டுமே. யூ-போல்ட் போட்டு அதில் மாட்டும் ரிசீவர்கள் கடையில் கிடைக்கும். அவை சைக்கிள் ஸ்டாண்டுக்கானவை. அதற்குக்கூடப் பல தயாரிப்பாளர்கள் சம்மதிப்பதில்லை. இழுவை வந்தால் பம்பர் முதலில் முறுக்கிக்கொள்ளும், பிறகுதான் பிய்யும். ஏற்கெனவே சுமை ஏற்றியிருந்தால், பற்றவைப்பின் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா, அந்தக் கோட்டிலிருந்து துருநீர் வடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் சைக்கிளையும் இறக்கிவிடுங்கள்.

இழுக்கவேண்டுமென்றால் ரிசீவர் ஃப்ரேமின் இரு நீளச் சட்டங்களையும் பிடித்திருக்கவேண்டும். அதற்கும் முன்னால் டிரெய்லரின் கையேட்டைப் புரட்டுங்கள். பின்னால் எதையும் இழுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தால், ரிசீவரைப் பற்றவைத்த அன்றே ஃப்ரேமுக்கான வாரன்டி போச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரேமிலேயே ரிசீவர் போட்டாயிற்று. பின் டிரெய்லர் அதன்மேல் 200 பவுண்டுதான் அழுத்துகிறது. 6,000 பவுண்டு டிரெய்லருக்கு இது ஒரு எடையா?

எடை சிறியதுதான், அது உட்காரும் இடம்தான் வம்பு. சக்கரங்களுக்கு வெகு பின்னால் வைக்கும் எடை, சீசா போல முன்முனையைத் தூக்கும். கணக்கை நீங்களே போடலாம். இரண்டு ஆக்சில்களின் நடுப்புள்ளியிலிருந்து முன் கப்ளர் (டிரக்கின் பந்தைக் கவ்வும் பூட்டு) வரை அளந்துகொள்ளுங்கள். 18 அடி என்று வைப்போம். அதே புள்ளியிலிருந்து பின் டிரெய்லரை மாட்டும் பந்து வரை 10 அடி. 200-ஐ 10-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 111 பவுண்டு. அவ்வளவு எடை உங்கள் முன் ஹிட்ச்சிலிருந்து, அதாவது டிரக்கோடு சேரும் இணைப்பிலிருந்து, கழிந்துவிடும். ஆக்சில்கள் மேல் 200 அல்ல, 311 கூடும்.

பந்து ஹிட்ச்சில் இழுக்கும் டிரெய்லர் ஆடாமல் ஓட, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன் பந்தின்மேல் இறங்கவேண்டும். உங்களுடையது 12 சதவீதம், அதாவது 720 பவுண்டு என்று வைத்தால், படகை மாட்டியதும் அது 609 ஆகிவிடும். டிரெய்லர் இப்போது சுமப்பது 6,200. விகிதம் 9.8. கீழ் வரம்புக்கும் கீழே போயாயிற்று. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பினால் இன்னும் குறையும்.

இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடும்போது பின் பந்து சக்கரத்திலிருந்து 10 அடி தள்ளி இருப்பதால், ரோட்டில் ஒரு பள்ளம் வந்தாலும் அது பெரிதாகத் துள்ளும். அந்த 200 பவுண்டு ஒரு கணம் பல மடங்காகும், மறுகணம் பூஜ்யமாகும். பந்தின் நட் தளர்வதும் கப்ளர் தாழ்ப்பாள் ஊசி தேய்வதும் இதனால்தான். பக்கவாட்டு ஆட்டமும் அப்படியே: டிரக் ஒரு சாண் விலகினால் நடு டிரெய்லர் அதைவிட அதிகமாகவும், கடைசி டிரெய்லர் இன்னும் அதிகமாகவும் விலகும்.

எடைப் பகிர்வு ஹிட்ச் போட்டால் இது சரியாகிவிடாதா?

ஆகாது. அது முன் பந்தில் இருக்கும் எடையை டிரக்கின் முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் பிரித்துத் தரும். இல்லாத எடையைக் கொண்டுவராது. ஆட்டம் அடக்கும் உராய்வுப் பட்டைகளும் டிரக்குக்கும் முதல் டிரெய்லருக்கும் நடுவில் மட்டுமே வேலை செய்யும். பின் இணைப்பு தன் போக்கில்தான் இருக்கும்.

அப்படியானால் நெடுஞ்சாலையில் பார்க்கிறோமே, ஃபிஃப்த் வீலுக்குப் பின்னால் படகு போகிறது. அது மட்டும் எப்படி?

ஃபிஃப்த் வீல் என்பது டிரக்கின் சரக்குத் தொட்டிக்குள் உள்ள இணைப்பில் மாட்டும் டிரெய்லர். அதன் கிங் பின் (இணைப்பு முளை) டிரக்கின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் உட்காருகிறது. சாதாரண ஹிட்ச்சில் பந்து ஆக்சிலுக்கு நான்கைந்து அடி பின்னால் இருக்கும். டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த நாலடியே டிரக்கைத் திருப்பும் நெம்புகோல். ஃபிஃப்த் வீலில் அது கிடையாது. தவிர, கிங் பின்னில் இறங்கும் எடை மொத்தத்தில் 15 முதல் 25 சதவீதம். 111 பவுண்டு கழிந்தாலும் தாங்கும்.

அதற்காக எல்லா ஃபிஃப்த் வீலும் சரி என்று நினைக்கவேண்டாம். பின் ரிசீவருக்கு அருகில் இழுவை எடை, அழுத்து எடை என்று இரண்டு எண்கள் ஒட்டியிருக்கவேண்டும். “சைக்கிள் ஸ்டாண்டுக்கு மட்டும்” என்று ஒட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அளவு 2 அங்குல ரிசீவர்தானே என்று அதன் சதுரத்தைப் பார்த்து முடிவுசெய்பவர்கள்தான் அதிகம். துளையின் அளவு பலத்தைச் சொல்லாது. அடுத்து, டிரக்கின் இழுவை வரம்புக்குள் இரண்டு டிரெய்லர்களின் எடையும் சேர்ந்து அடங்கவேண்டும். ஊகிக்காதீர்கள். டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் சுமை ஏற்றிய நிலையில் ஒருமுறை பின் டிரெய்லரோடும், ஒருமுறை அது இல்லாமலும் எடை போட்டால் ஒவ்வொரு ஆக்சில் தொகுதியும் சுமப்பது கையில் வந்துவிடும்.

எந்த மாநிலத்தில் அனுமதி, எதில் இல்லை?

மேற்கு, நடுமேற்கு மாநிலங்களில் பலவும் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் பெரும்பாலானவை இல்லை. அனுமதிக்கும் இடங்களிலும் பல, முதல் டிரெய்லர் ஃபிஃப்த் வீலாக இருக்கவேண்டும் என்கின்றன.

மிச்சிகனில் உரிமத்தில் ‘ஆர்’ என்ற கூடுதல் அனுமதி வாங்கவேண்டும். மொத்த நீளம் 75 அடிக்குள். மினசோட்டாவில் 70 அடி, ஓட்டுநருக்குக் குறைந்தது 18 வயது. மினியாபொலிஸ் சுற்றிய ஏழு கவுன்ட்டிகளில் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் இப்படி ஓட்டக்கூடாது. கலிபோர்னியாவில் சாதாரண ‘சி’ வகுப்பு உரிமத்தோடு ஒன்றுக்கு மேல் இழுக்க முடியாது. பயணப் பாதையில் எல்லை தாண்டும் ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். சொந்த மாநிலம் அனுமதிக்கிறது என்பது பக்கத்து மாநிலப் போலீஸிடம் செல்லாது. விதிகள் மாறும் என்பதால், கிளம்பும் மாதத்திலேயே அரசுப் பக்கத்தில் பார்ப்பது நல்லது.

பின் டிரெய்லரின் லைட்டும் பிரேக்கும் எப்படி இணைப்பது? லைட் மங்கலாக எரிகிறது.

மங்கினால் பத்துக்கு எட்டு தடவை எர்த் கோளாறுதான். பந்தும் கப்ளரும் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பி விடாமல், வெள்ளைக் கம்பியை டிரக் சாக்கெட்டிலிருந்து கடைசி டிரெய்லர் வரை முறையாக இழுங்கள். முதல் டிரெய்லரின் டெயில் லைட் கம்பியைக் கிள்ளி ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாகக் கரன்ட் எடுக்கும் மாட்யூல் ஒன்றைப் போட்டால், டிரக்கின் சர்க்யூட் சுமை தாங்காமல் அணைவது நிற்கும். பின்னால் எல்.இ.டி. விளக்கு போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மின்பிரேக் என்றால் கம்பியின் தடிமன் முக்கியம். ஒரு பிரேக் மேக்னட் முழு விசையில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். பின் டிரெய்லரில் ஒரு ஆக்சில் என்றால் 6. டிரக்கிலிருந்து 60 அடி தூரம், 12 கேஜ் கம்பி என்றால் போகவரச் சேர்த்து ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பிரேக்குக்கான நீலக் கம்பிக்கும் எர்த்துக்கான வெள்ளைக் கம்பிக்கும் அதைவிடத் தடித்த 10 கேஜ் போடுங்கள். டிரக்கில் உள்ள பிரேக் கன்ட்ரோலர் எத்தனை ஆக்சிலுக்கானது என்பதையும் பாருங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் மூன்று. பின் டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் தள்ளினால் நடு டிரெய்லர்தான் மடங்கும்.

பிரேக்அவே சுவிட்ச் (டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைப்பது) பின் டிரெய்லருக்கெனத் தனியாக, தன் பேட்டரியோடு இருக்கவேண்டும். அதன் கம்பியை நடு டிரெய்லரின் ஃப்ரேமில் மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியில் அல்ல. சங்கிலி அறுந்தால் கம்பியும் கூடவே போய்விடும். சங்கிலிகளை கப்ளருக்குக் கீழே குறுக்காகப் பின்னி மாட்டவேண்டும்.

ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொள்ளலாமா?

நேர்கோட்டில் சில அடி எடுக்கலாம். அதற்குமேல் இரண்டு மூட்டுகளும் எதிரெதிராக மடங்கும். எனவே முன்பக்கமாகவே வெளியேற முடியாத இடத்துக்குள் நுழையாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் லாரி வரிசை, முகாமில் நேராக ஓட்டிப்போகும் இடம். சிக்கிக்கொண்டால் முதலில் பின் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், பிறகுதான் ஜாக்கை இறக்கி, கம்பி, சங்கிலி, கப்ளர் என்று கழற்றுங்கள். படகைக் கையால் தள்ளிவிட்டு மீதியைத் தனியாக ரிவர்ஸ் எடுப்பதே வழி.

ஒன்றைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். டிராவல் டிரெய்லர்காரர்களுக்கு டிரக்கின் சரக்குத் தொட்டி காலியாகத்தானே இருக்கிறது, நாற்சக்கர ஏ.டி.வி.யை அதில் ஏற்றினால் என்ன என்று பலருக்கும் தோன்றும். ஓட்டுநர் கதவோரம் உள்ள மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,600 பவுண்டு என்று போட்டிருந்தால், அதில் ஹிட்ச்சில் இறங்கும் 720, ஹிட்ச் இரும்பு 80, குடும்பத்தார் 500 போக மீதி 300. 650 பவுண்டு ஏ.டி.வி. அதில் ஏறாது. நான்கு சைக்கிளும் இரண்டு கயாக்கும் தாராளமாக ஏறும்.