எந்த மீனை விடுவது, எந்த மீனை விடக் கூடாது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து சுற்றுவட்டார ஏரிகளில் தூண்டில் போடுவோம். முன்பெல்லாம் விரால் தாராளமாகக் கிடைத்தது. இப்போது முள்ளில் மாட்டுவதெல்லாம் ஜிலேபிதான். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டுவிட்டால் ஏரி தேறிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். என் தாத்தா அந்தக் காலத்தில் கௌதாரி, முயல் வேட்டைக்குப் போனவர். வேட்டைக்காரன் இருந்தவரை காட்டில் மிருகமும் இருந்தது என்று அவர் சொல்கிறார். பிடிக்கிறவர்களாலும் சுடுகிறவர்களாலும் உண்மையிலேயே எதையாவது காப்பாற்ற முடியுமா? எங்கள் நிலக்கடலையைக் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. இன்ன மீன் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் திரும்ப விட்டால் ஏரிக்குக் கெடுதலே மிஞ்சும்.

நம் பக்கத்து ஏரி மீன்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவை. ஓடுகிற ஆற்று வெள்ளத்தில் இனம் பெருக்கும் மீன்கள் இவை. தேங்கிய ஏரியில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. ஆகவே நீங்கள் ஒரு ரோகுவை விடுவதால் அங்கே நாளை இன்னொரு ரோகு பிறக்கப் போவதில்லை. மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் பிடிக்கிறீர்களா என்பதுதான் இங்கே கேள்வி. பல ஊர்களில் ஒற்றைத் தூண்டிலைக் குத்தகைதாரர் கண்டுகொள்வதில்லை. அது அவருடைய பெருந்தன்மைதான், உங்களுக்கு உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோர்தானா போன்ற அணைகளில் மீன்வளத் துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை வெளியிலிருந்து வந்து குடியேறியவை. ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் ஆபத்தென்றால் அதே வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்கின்றன. இப்படிக் காபந்து செய்து, ஓர் ஆண்டிலேயே பலமுறை பெருகும் மீனோடு நம் நாட்டு மீன்கள் போட்டி போட முடிவதில்லை. அதனால் ஜிலேபி விரல் நீளமே இருந்தாலும் தண்ணீரில் விடாதீர்கள். குழம்புக்கு ஆகாவிட்டால் கோழிக்குப் போடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இதே விதிதான். 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதை வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்களின் குட்டை மழையில் உடைந்தால் அது ஏரிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தவளை, மீன்குஞ்சு என்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன மீனை ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். விளைவு தெரிந்தால் செய்ய மாட்டார்கள்.

மூன்றாவது வகை நம்முடையவை. விரால், குறவை, நாட்டுக் கெளுத்தி, ஆரால், உளுவை, பொடிக்கெண்டை, அயிரை. இவற்றுக்குக் குஞ்சு வாங்கி விடுகிறவர் யாருமில்லை. தாமே முட்டையிட்டு, தாமே பிழைத்தால்தான் உண்டு. தூண்டில்காரர்களின் பொறுப்பு முழுவதும் இந்த மூன்றாவது வகையிடம்தான் இருக்கிறது.

விராலையே எடுத்துக்கொள்வோம். மழை தொடங்கி ஏரியோரப் புல்லுக்குள் தண்ணீர் ஏறும்போது ஆணும் பெண்ணும் சேர்ந்து புல்லையும் பாசியையும் விலக்கி ஒரு சிறு வட்டத்தைத் துப்புரவாக்குகின்றன. முட்டைகள் அங்கே மேலாக மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே கொத்தாகத் திரியும். மூச்சுக்காக அவை ஒன்றாக மேலே வரும்போது, மற்ற இடமெல்லாம் அசையாமல் கிடக்க, அந்த ஒரு சாண் தண்ணீர் மட்டும் தூறல் விழுவதுபோல் சலசலக்கும். அதற்கு ஓரடி, இரண்டடி கீழே பெற்ற மீன் காவல் இருக்கிறது. சுமார் ஒரு மாதம் வரை அந்தக் காவல் நீடிக்கும்.

இந்தச் சலசலப்பைத் தேடித்தான் இப்போது ரப்பர் தவளையை வீசுகிறார்கள். கொத்தின் மேல் இழுத்தால் அடியிலிருந்து பெரிய மீன் பாய்ந்து கவ்வும். அந்த நேரத்தில் அதற்குப் பசியில்லை. குஞ்சுகளைத் தின்ன வந்தது என்று எண்ணித் தவளையை விரட்ட வருகிறது. அதைத் தூக்கிக் கரையில் போட்டால், ஜிலேபியும் நீர்க்காகமும் அந்தக் கொத்தை அன்றைக்கே காலி செய்துவிடும். விரால் குறைந்ததற்குக் காரணங்கள் பல இருக்கின்றன: ஏரியோரப் புல் அழிந்தது, வரத்துக் கால்வாய் அடைபட்டது, ஜிலேபி பெருகியது. ஆனால் காவல் மீனைத் தூக்குவது ஒன்றுதான் முழுக்க முழுக்கத் தூண்டில்காரர்கள் கையில் இருக்கும் காரணம். குஞ்சுக் கொத்து கண்ணில் பட்டால் அந்த ஓரத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பார்க்காமல் போட்டு மாட்டிவிட்டால் அதே இடத்தில், உடனே விட்டுவிடுங்கள். மற்ற நாட்களிலும் 30 செ.மீ.க்குக் குறைந்த விராலை எடுக்காதீர்கள், ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கட்டும்.

இதைவிடப் பெரிய சேதம் ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலில் நடக்கிறது. ஏரி நிரம்பி வழியும் முதல் சில நாட்களில் சினை மீன்கள் புது வெள்ளத்தை எதிர்த்து ஏறுகின்றன. கால்வாயின் குறுக்கே கொசுவலையைக் கட்டினால் வயிறு நிறைய சினையோடு கூடை கூடையாக அள்ளலாம். அந்தச் சினை நல்ல ருசி என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சில நாட்கள் கலங்கல் பக்கம் யாரும் வலை கட்டுவதில்லை என்று ஊர் கட்டுப்பாடு செய்துகொண்டால், வேறு எந்த விதியும் அதற்கு ஈடாகாது. நஞ்சு கலப்பதும் தோட்டா வெடிப்பதும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். காப்புக்காட்டு ஓடைகளுக்குள் அனுமதியின்றித் தூண்டில் போடுவதும் வனச் சட்டப்படி குற்றமே.

விடுகிற மீன் பிழைக்க வேண்டுமே! கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கையும் துண்டும் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு புண் பிடிக்கும். தூண்டில் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் குத்தைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் கிழிக்காமல் வரும். அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ஏரிக்கரையில் கிடக்கும் நரம்பு மடையானின் காலிலும் நாமக்கோழியின் கழுத்திலும்தான் போய்ச் சுற்றும். பாலாமை மாட்டினால் நரம்பை முடிந்த அளவு வாய்க்கு அருகில் வெட்டி அங்கேயே விட்டுவிடுங்கள். அது மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் வனவிலங்குச் சட்ட முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிப்போனால் சிறைதான்.

கோடையில் ஏரி வற்றும்போது மதகோரம் ஒரு பள்ளத்தில் கடைசித் தண்ணீர் நிற்கும். எஞ்சிய நாட்டு மீன் அத்தனையும் அதற்குள்தான். அதையும் இறைத்துப் பிடித்துவிட்டால் அடுத்த மழைக்கு விதை மீன் இல்லை. அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவைக்கும்படி குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. ஏரி வற்றுவதற்குச் சற்று முன்னால் வரும் கூட்டம் அது. தீர்மானம் போட ஏற்ற நாள். இருபது தூண்டில்காரர்கள் ஒன்றாக எழுந்து நின்றால் ஊராட்சித் தலைவர் காது கொடுக்காமல் இருக்க முடியாது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்ததே வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான். மீன் செத்து மிதந்தால் முதலில் பார்க்கிறவர் தூண்டில்காரர். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மட்டும் வாயைப் பிளந்து மிதந்து, விராலும் குறவையும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் நீரில் பிராணவாயு குறைந்திருக்கிறது. விராலும் குறவையும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை; தப்பிவிடும். அவையும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சு கலந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். நேரம் குறித்துப் படம் எடுங்கள், சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வையுங்கள், அன்றைக்கே மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள். அந்த மீனை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஏரி, எத்தனை மணி நேரம் போட்டோம், என்ன மீன், என்ன நீளம். எதுவும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். கர்நாடகத்தில் காவிரிக் கரை முகாம்களில் மஹ்சீர் பிடித்து விட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த பதிவேடுகள்தான், திமில் மஹ்சீர் என்ற பெரிய மீன் அழிந்துகொண்டிருப்பதை ஆய்வாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தன. 2018இல் அது மிக அருகிய இனமாக, அழியும் உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. விஞ்ஞானிக்கு நம் ஊர் ஏரிக்கு ஞாயிறுதோறும் வர நேரமில்லை. நீங்கள் போகிறீர்கள்.

தாத்தாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. தடம் பார்த்து முயலா, முள்ளம்பன்றியா, எப்போது போயிற்று என்று சொல்லத் தெரிந்தவர்கள் காட்டில் நடக்கும் மாற்றத்தை மற்றவர்களுக்கு முன்பே அறிவார்கள். அமெரிக்காவில் 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. 1950இலிருந்து தூண்டில் சாமான்களுக்கும் அந்த ஏற்பாடு உண்டு. அங்கே வேட்டைக்காரர் தம்மைக் காவலர் என்று சொல்லிக்கொள்ள அது ஓர் ஆதாரம். ஆனால் அதற்கு உரிமம், கணக்கெடுப்பு, எத்தனை சுடலாம் என்ற வரம்பு, அதைச் சரிபார்க்க ஆள் எல்லாம் வேண்டும். நம் ஊர்ப்பக்கம் அவை முழுமையாக இருந்ததில்லை. ஜீப் விளக்கும் நாட்டுத் துப்பாக்கியும்தான் இருந்தன. காட்டைக் காலி செய்தது சட்டம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் வருமுன்பே பெரும்பகுதி போய்விட்டது.

இன்று நிலைமை தெளிவானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கௌதாரி, முயல், காடை, உடும்பு எதையும் வேட்டையாடக் கூடாது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வலை கட்டுவதும் முட்டை எடுப்பதும் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிர்களுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு.

அதற்காகத் தாத்தாவின் அறிவு வீணாக வேண்டியதில்லை. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது வாழ்வு முட்டிப்போன இருளர் மக்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்து நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்ப விடும் தொழிலுக்கு மாறினார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கே அந்தக் கைத்திறன் அடிப்படை. உங்கள் தாத்தாவிடம் அதைப் போன்ற ஒன்று இருக்கிறது: கண்ணி எங்கே வைப்பார்கள் என்பது. வண்டியின் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, புதர் இடைவெளியில், விலங்கின் தலை நுழையும் உயரத்தில், ஒரு முளையில் கட்டியிருப்பார்கள். பன்றிக்கு வைத்த அந்தச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும், வீட்டு நாயும் மாட்டும். புதியவர் கண்ணுக்குத் தெரியாது. வைத்துப் பழகியவருக்குப் பத்தடி தூரத்திலேயே தெரியும். வனக்காப்பாளரைக் கூட்டிக்கொண்டு அவர் ஒருமுறை காட்டோரம் நடந்து வந்தால் போதும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஒரே இரவில் ஒரு பருவ உழைப்பு போய்விடுகிறது. ஆனால் மின்வேலியும், தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயும் வேண்டவே வேண்டாம். ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானை இறங்குகிறது. பன்றிக்கு வைத்தது யானையின் வாயில் வெடிக்கும், மின்கம்பியில் பக்கத்து வயல்காரர் கால் வைப்பார். 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தாமே சுடுவதற்கு எங்கேயும் இடமில்லை. ஆகவே உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரையும் சேர்த்துக்கொண்டு வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். சேதமான பாத்திகளைக் கிளறிய தடத்தோடு, மறுநாள் காலையிலேயே, யாரும் மிதிப்பதற்கு முன் படம் எடுத்து இணையுங்கள். பக்கத்து வயல்காரர்களுக்கும் சேதம் இருந்தால் தனித்தனியாகப் போகாமல் ஒரே மனுவாகக் கொடுங்கள். இழப்பீட்டுக்கும் அதே மனுவில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.