ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா என்பதைத் தவிர லெஸ்லி ஸ்டீபன் என்ன செய்தார்?

நிறையவே செய்தார். அவர் காலத்தில் பிரபலம் அப்பாதான், மகள் இல்லை.

1832-இல் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பாதிரியாராகவும் ஆசிரியராகவும் இருந்தவருக்கு மத நம்பிக்கை போய்விட்டது. அப்புறம் லண்டனில் பத்திரிகை எழுத்துதான் பிழைப்பு. நடுவில் மலையேற்றப் பித்து வேறு: 1861-இல் ஆல்ப்ஸின் ஷ்ரெக்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டியவர்களில் இவரும் ஒருவர். 1871 முதல் 'கார்ன்ஹில்' இலக்கிய இதழின் ஆசிரியர்.

ஆனால் பெயர் நிலைத்தது பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியால்; அதன் முதல் பதிப்பாசிரியர் இவர்தான். பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரையும் சேர்க்க ஆசைப்பட்டார். அது கட்டுப்படியாகாது, நம் நாட்டோடு நிறுத்துவோம் என்று ஸ்டீபன் மடக்கினார். நல்லவேளை! 1882-இல் (மகள் பிறந்த அதே ஆண்டு) வேலை தொடங்கியது. 1885-இல் வந்த முதல் தொகுதி 'அபாடி'யில் (Abbadie) தொடங்கி 'ஆன்' (Anne) வரைதான் எட்டியது; ஆங்கில 'A' எழுத்தே முடியவில்லை. அதிலிருந்தே வேலையின் அளவு தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கு இடமில்லை. அடுத்தவர்கள் எழுதியதை வெட்டித் திருத்தியதோடு, 378 கட்டுரைகளைத் தானே எழுதினார். அதிலேயே உடம்பு கெட்டு 1891-இல் விலகினார். உதவியாளராக இருந்த சிட்னி லீ தொடர்ந்து, 1900-இல் 63-ஆவது தொகுதியோடு முடித்தார்.