ஷவர் சுவருக்கு டைல்ஸா, சாலிட் சர்ஃபேஸா? கேட்டவர்களுக்குப் பதில்

சமையல் மேடை, வாஷ்பேசின் கவுன்டர் என்று 16 வருடமாகச் சாலிட் சர்ஃபேஸ் என்ற அக்ரிலிக் கலந்த ஷீட்டோடுதான் பிழைப்பு. இப்போது ஷவர் சுவருக்கும் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், டைல்ஸ் ஒட்டி ஒன்பது வருடம். ஜாயின்ட் எல்லாம் கறுத்துவிட்டது. ஆசிட் ஊற்றினால் இரண்டு நாள் வெளுப்பு, மறுபடி பழைய கதை. சாலிட் சர்ஃபேஸில் இந்தத் தொல்லை கிடையாதா? (வேளச்சேரி)

முதலில் அந்த ஆசிட் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். அது கறுப்போடு சேர்த்து, டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் சிமென்ட் க்ரௌட்டையும் அரிக்கிறது. அரித்த குழியில் அழுக்கு இன்னும் வசதியாக உட்காரும்.

சாலிட் சர்ஃபேஸ் என்பது டூபான்ட் கம்பெனி 1967இல் உருவாக்கி, கோரியன் என்ற பெயரில் விற்ற சரக்கு. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. ஏறக்குறைய ஒரு பங்கு அக்ரிலிக், இரண்டு பங்கு பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் ஒரு அலுமினியச் சேர்மப் பொடி (உலோகப் பொடி இல்லை). மேலே பூச்சு எதுவும் இல்லை, அடிவரை ஒரே நிறம். இரண்டு துண்டை அதே நிறப் பசையில் ஒட்டி, காய்ந்ததும் தேய்த்துவிட்டால் கோடு கண்ணுக்குத் தெரியாது. க்ரௌட்டே இல்லாததால் கறுக்க இடமில்லை. மூலையில் போடும் சிலிக்கான் பசை மட்டும் கறுக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்குகிறது என்று தினமும் சண்டை. ஷீட் ஒட்டினால் நின்றுவிடுமா அண்ணா? (மடிப்பாக்கம்)

பெரும்பாலும் நிற்காது. இதைச் சொன்னதால் எனக்கு ஆர்டர் போனதும் உண்டு, பரவாயில்லை. கீழே இறங்கும் ஈரத்துக்குக் காரணம் அநேகமாகத் தரை, நானி டிராப்பை (தரையில் தண்ணீர் போகும் வாய்) சுற்றிய இடைவெளி, இல்லையென்றால் சுவருக்குள் போகும் பைப். சுவரில் ஷீட் ஒட்டினால் கசிவு மறையும், நிற்காது.

ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. நானி டிராப்பைத் துணி வைத்து இறுக்க அடைத்துவிட்டு, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். 24 மணி நேரம் யாரும் அங்கே குளிக்கக் கூடாது. மட்டம் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கி, கீழ் வீட்டு ஈரமும் கூடினால் குற்றவாளி தரைதான். தரை நன்றாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுப் பைப்புக்கு பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். இது முடிந்து, வாட்டர்ப்ரூஃபிங்கும் செய்த பிறகு ஷீட்டைப் பற்றிப் பேசலாம்.

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டலாமா? (கோவை)

டைல்ஸ் சுவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் ஒட்டலாம். ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும் டைல்ஸை எடுத்துவிட்டு, பூசி மட்டம் செய்ய வேண்டும். சுவருக்கு 6 மி.மீ. ஷீட் போதும், சதுர மீட்டருக்குப் பத்து கிலோ போல வரும். ஷீட்டும் பசையுமாகச் சுவர் முன்னே வந்துவிடும் என்பதால், டைவர்ட்டர் (சுவருக்குள் பதித்த ஷவர் குழாய்த் திருகு) உள்ளே அமுங்கிப்போகுமா என்று ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடி ஷவர், மூன்று பக்கம் சுவர், ஏழடி உயரம். எத்தனை ஷீட் வேண்டும்? (திருச்சி)

கணக்குப்படி 63 சதுர அடி. வழக்கமான ஷீட் 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம், அதாவது 30 சதுர அடி. ‘இரண்டு ஷீட் போதுமே, கொஞ்சம்தானே குறைகிறது’ என்பார்கள். போதாது, உங்கள் சுவர் ஷீட்டைவிட அரை அடி அகலம். ஷீட்டைப் படுக்கை வாட்டில் வைத்து மூன்றடித் துண்டுகளாக அறுத்தால், ஒரு சுவருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துண்டு. ஆக மொத்தம் ஒன்பது துண்டு. ஒரு ஷீட்டில் நான்கு துண்டுதான் வரும், அதனால் மூன்று ஷீட் ஆகும். மிச்சத்தில் ஷாம்பு வைக்க ஒரு மாடமும் மூலைத் தட்டும் செய்துகொள்ளுங்கள். டைல்ஸைவிடச் செலவு நிச்சயம் கூடும். பட்ஜெட் இடித்தால் பெரிய சைஸ் டைல்ஸும், சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸிப் பசையில் செய்த க்ரௌட்டும் போடுங்கள், அதிலும் தப்பில்லை.

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. கறுப்பு ஷீட் அழகாக இருக்குமே? (தாம்பரம்)

முதல் நாள் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமாகத் தெரியும். உப்புத்தண்ணீர் வீட்டுக்கு வெளிர் நிறம், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். குளித்து முடித்ததும் ஒரு வைப்பரை இழுத்துவிடுங்கள். உப்பு படிந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் துடைத்துக் கழுவினால் போதும். லேசான கீறலை ஸ்காட்ச் பிரைட்டால் வட்டமாகத் தேய்த்தே எடுத்துவிடலாம். டைல்ஸில் இது நடக்காது. தின்னர், அசிட்டோன் மட்டும் கிட்டே வரக் கூடாது.

குவார்ட்ஸும் இதுவும் ஒன்றுதானே? (சேலம்)

இல்லை தம்பி. குவார்ட்ஸ் ஷீட் என்பது குவார்ட்ஸ் கல்தூளைப் பசையில் இறுக்கிச் செய்த செயற்கைக் கல், அதில் சிலிகா மிக அதிகம். அதை அறுக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்றுதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்த வகைக் கல்லைத் தடை செய்தது. அக்ரிலிக் ஷீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் அறுக்கும் பையனுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

அண்ணை, எங்கட வீடு கனடாவில. சுவர் முழுக்க மரச்சட்டம். அதில ஷீட் ஒட்டலாமோ? (மார்க்கம்)

அங்கே சாதாரண ஜிப்சம் பலகை மேல் ஒட்டவே கூடாது. ஷவர் பக்கம் சிமென்ட் பலகை, அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், பிறகுதான் ஷீட். சிமென்ட் பலகை தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரை உள்ளே விடும்.

ஆளை வைத்துச் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை)

டைவர்ட்டருக்கு வெட்டும் துளையை. என் சொந்த வீட்டிலேயே அவசரத்தில் நேர்க்கோணமாக வெட்டினேன். எட்டாவது மாதம் அந்த மூலையிலிருந்து மயிர் மாதிரி ஒரு விரிசல் மேலே கிளம்பியது. உள்மூலை எதுவானாலும் வளைவாக வெட்டி, ஓரத்தை மழமழவென்று தேய்க்கச் சொல்லுங்கள். சூட்டில் ஷீட் விரியும், அதனால் பக்கச் சுவரை இடிக்காமல் 3 மி.மீ. விட்டு அங்கே சிலிக்கான் போட வேண்டும். கண்ணாடிக் கதவு மாட்டுவதாக இருந்தால் கீல் ஸ்க்ரூ ஷீட்டைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்க வேண்டும். ஷீட்டில் போடும் ஓட்டை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.