நாலு இடத்தில் ஒரே கணக்கு: ஃபங்ஷனை எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பாவின் லுங்கிக் கடைக்குப் பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். தள்ளுபடியை 8 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினோம். சில்லறை பில்லில் சரியாக வருகிறது, மொத்த வியாபார பில்லில் பழைய கணக்கே வருகிறது. எல்லாவற்றையும் ஃபங்ஷனாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்க?”

எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். ஃபங்ஷன் என்பது ஒரு கணக்கை ஒரே முறை எழுதிப் பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரால் அழைப்பதுதான். முதலில் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு 0.08 என்று தேடிப் பாருங்கள். காப்பி-பேஸ்ட் செய்த இடங்களில் ஒன்றை மாற்ற மறந்திருப்பீர்கள். அந்தத் தள்ளுபடிக் கணக்குதான் உங்கள் முதல் ஃபங்ஷன்.

அந்த இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விலையும் எண்ணிக்கையும்தான் மாறும், கணக்கு மாறாது. மாறுவது ஃபங்ஷன் பெயருக்கு அடுத்த அடைப்புக்குறிக்குள் போகட்டும், மாறாத கணக்கு ஃபங்ஷனுக்குள் இருக்கட்டும். சதவீதத்தையும் அடைப்புக்குறிக்குள்ளேயே ‘சதவீதம்=10’ என்று வைத்துவிட்டால், தீபாவளிக்கு மட்டும் 15 கொடுத்து அழைக்கலாம். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ‘கட்டவேண்டிய_தொகை’ என்றே வையுங்கள். ‘எஃப்1’, ‘எஃப்2’ என்று வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது அடுத்த இடத்தில். ஃபங்ஷனுக்குள் பிரிண்ட் போட்டால் தொகை திரையில் தெரியும். பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதை மொத்தத்தோடு கூட்டப் போனால் ‘நன்டைப்’ என்று பிழை வரும், ஏனென்றால் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தரவில்லை. தொகையைத் திருப்பித் தர உள்ளே ரிட்டர்ன் எழுதுங்கள், பிரிண்ட் வெளியே, பில் அச்சாகும் இடத்தில் இருக்கட்டும். வெளியே உள்ள ‘மொத்தம்’ என்ற மாறியை ஃபங்ஷனுக்குள்ளிருந்து தொடவும் வேண்டாம்.

350 ரூபாய் லுங்கி 6 போட்டுப் பாருங்கள். 2100-இல் 10 சதவீதம் போக 1890 வரவேண்டும். வந்த பிறகே பழைய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அங்கே ஃபங்ஷனை அழையுங்கள். ஒரே ஒரு இடத்தில் வரும் இரண்டு வரிக் கணக்கை அப்படியே விடலாம். நான் ஒருமுறை ஆசைப்பட்டு மூன்று வரிக்கொரு ஃபங்ஷன் எழுதி, ஒரு பில்லின் தொகை எங்கே கணக்காகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன்.

நாளைக்கு ஸ்டாக் புரோகிராமுக்கும் இதே கணக்கு வேண்டுமென்றால், ஃபங்ஷனைத் தனி ஃபைலில் வைத்து இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். அந்த ஃபைலுக்கு மட்டும் ‘ரேண்டம்’ போலப் பைத்தானிலேயே இருக்கும் பெயரை வைக்காதீர்கள். பைத்தான் அதற்குப் பதில் உங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு குழப்பும்.