ஸ்பேம் கமெண்ட் தொல்லை தாங்கவில்லை, கமெண்ட் பகுதியையே மூடிவிடலாமா?

மூடாதீர்கள். "சமையல் தளம் வைத்திருக்கிறேன், தினமும் 40, 50 குப்பைக் கமெண்ட் வருகிறது, ஒவ்வொன்றாக அழித்து ஓய்ந்துவிட்டேன், சிலருக்குப் பதில் எழுதித் திட்டியும் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் திட்டியதை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள், அதுதான் பாவம்.

நான் காரைக்குடி. சித்தப்பாவுக்கு ஆத்தங்குடியில் கல் பட்டறை, அதாவது வெளியூரில் ஆத்தங்குடி டைல்ஸ் என்கிறார்களே, அது. 2017-ல் அவருக்கு வேர்ட்பிரஸ் என்ற, தளம் நடத்தும் மென்பொருளில் ஒரு தளம் போட்டுக் கொடுத்தேன், அன்றிலிருந்து அதைக் கட்டி மேய்ப்பது என் தலையில். கண்ணாடி மேல் அச்சை வைத்து எப்படிக் கலர் ஊற்றுகிறார்கள், கல்லை ஏன் தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள் என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஸ்பேமில் பெரும்பகுதி அந்தப் பக்கத்தைத்தான் தேடி வரும். "உங்கள் எழுத்து நடை பிரமாதம், என் தம்பிக்கும் அனுப்பினேன்" என்று இங்கிலீஷில் முதல் கமெண்ட் வந்த அன்றைக்குச் சித்தப்பாவிடம் பெருமையாக வாசித்தே காட்டினேன். அப்புறம் எழுதியவர் பெயரை அமுக்கினால் சூதாட்டத் தளம் திறக்கிறது.

இதெல்லாம் எப்படித் தயாராகிறது என்று ஒருநாள் தானாகவே தெரிந்தது. திரை முழுக்க நீளும் ஒரு கமெண்ட். வளைந்த அடைப்புக்குறிக்குள் அருமை, பிரமாதம், அட்டகாசம் என்று ஒரே சொல்லுக்கு நாலைந்து மாற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கோடு, வாக்கியத்துக்கு வாக்கியம் இப்படியே. மென்பொருள் ஒவ்வொரு அடைப்பிலிருந்தும் ஒரு சொல்லைப் பொறுக்கி, ஆயிரம் தளங்களில் ஆயிரம் விதமாகப் போட வேண்டியது. யாரோ சரியாக அமைக்காமல் விட்டதில் அச்சே அப்படியே வந்து விழுந்துவிட்டது. எங்கள் பட்டறை அச்சாவது ஒரு அச்சுக்கு ஒரு பூதான் போடும்.

சரி, எதற்காக இந்த வேலை? உங்கள் தளத்திலிருந்து தன் தளத்துக்கு ஒரு இணைப்பு கிடைத்தால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்ற ஆசை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எங்கள் தலையிலேயே விடிந்தது. "கூகுள்ல முதல் பக்கத்துல கொண்டாந்துடுறேன்" என்று வந்த ஒருவருக்குச் சித்தப்பா எனக்குத் தெரியாமல் 8000 ரூபாய் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்கு ஒரு போன். ஒரு அம்மா. தன் தாயார் இறந்ததைப் பற்றி எழுதிய பதிவுக்குக் கீழே "பயனுள்ள தகவல், ஆத்தங்குடி டைல்ஸ் குறைந்த விலையில் கிடைக்கும்" என்று எங்கள் நம்பரோடு கிடக்கிறதாம். சத்தம் போடவில்லை, "இதை நீங்களே வந்து அழிச்சிடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னாராம். நாம் நினைத்தாலும் அடுத்தவர் தளத்தில் அழிக்க முடியாது. சித்தப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 8000 ரூபாய்க்குப் பலனும் பெரிதாக இருந்திருக்காது. இந்தத் தொல்லைக்காகவே 2005 ஜனவரியில் கூகுள் நோஃபாலோ என்று ஒரு குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. அது இருக்கும் இணைப்புக்கு மதிப்பெண் கிடையாது என்றார்கள். வேர்ட்பிரஸ் அதைக் கமெண்ட் இணைப்புகளில் தானாகவே போட்டுவிடும். 2019-ல் கூகுள் அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாக மாற்றியது, ஆனாலும் ஸ்பேமருக்கு ஆதாயம் சொற்பம்தான். பிறகு ஏன் வருகிறது என்றால், லட்சம் கமெண்ட் போட அவனுக்குச் செலவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொன்றாக அழிப்பது உங்கள் நேரத்துக்குக் கேடு, மென்பொருளுக்குக் கை வலிக்காது.

நான் செய்தது இவ்வளவுதான். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் விவாதம் என்ற பக்கத்தில், குறிப்பிட்ட நாளைத் தாண்டிய பதிவுகளுக்குக் கமெண்டைத் தானாக மூடும் வசதி இருக்கிறது. 14 நாள் என்று இருந்ததை நான் 60 ஆக்கினேன், ஏனென்றால் கல் விசாரிப்பவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். (கல் செய்யும் பக்கம் வேர்ட்பிரஸில் 'பக்கம்' வகையில் இருப்பதால் இந்தக் கணக்கில் வராது. அதுதான் எங்களுக்கு வேண்டியதும்.) பிங்பேக்கை, அதாவது வேறொரு தளம் நம் பதிவுக்கு இணைப்புக் கொடுத்தால் கமெண்ட் பகுதியில் தானாக வந்து விழும் அறிவிப்பை, நிறுத்தினேன். ஆனால் அங்கே நிறுத்தினால் புதிய பதிவுகளுக்கு மட்டும்தான் செல்லும், பழையவற்றைத் தனியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அகிஸ்மெட் என்ற ஸ்பேம் வடிகட்டியைப் போட்டதும் முக்கால்வாசி நின்றது. விளம்பரம் இல்லாத சொந்தத் தளமென்றால் அதை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், எங்களுடையது கடை என்பதால் பணம் கட்டுகிறோம்.

படத்தைக் காட்டிச் சிக்னல் லைட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்கும் கேப்ட்சாவையும் வைத்துப் பார்த்தேன். சித்தியை விட்டுச் சோதித்தேன், மூன்றாவது தடவை போனைக் கீழே வைத்துவிட்டார். எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலிப் பெட்டியைப் படிவத்தில் வைக்கும் செருகி (ப்ளகின்) இருக்கிறது. மனிதருக்கு அது தெரியாது, மென்பொருள் பார்க்கிற பெட்டியையெல்லாம் நிரப்பும், நிரப்பினால் மாட்டிக்கொள்ளும். சில சமயம் பிரவுசரே தானாக நிரப்பி நல்லவர் மாட்டுவதும் உண்டு, ஆனால் அபூர்வம்.

நம் ஆட்களுக்கென்று ஒரு உபாயம் உண்டு. எங்களுக்கு வந்த ஸ்பேமில் பெரும்பகுதி இங்கிலீஷ், ரஷ்ய எழுத்து, சீன எழுத்து. தமிழுக்கு யூனிகோடில் தனி இடம் இருப்பதால், கமெண்டில் ஒரு தமிழ் எழுத்தாவது இருக்கிறதா என்று இரண்டு மூன்று வரி நிரலில் சோதித்துவிடலாம். இல்லையென்றால் அனுமதிக்காகக் காத்திருக்கட்டும். காத்திருக்கட்டும் என்றுதான் சொன்னேன், அழித்துவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூர். பேசுவது தமிழ், தட்டச்சு இங்கிலீஷ் எழுத்தில். போன வருஷம் ஸ்பேம் பெட்டியைச் சும்மா திறந்தபோது, மருந்து விளம்பரத்துக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவே ஒன்று, இங்கிலீஷ் எழுத்தில்: "வணக்கம் அங்கிள், தேவகோட்டையில எங்க ஐயா வீட்டு வளவுல கல்லு ஒடஞ்சி போச்சி, இதே பூ செஞ்சி தர முடியுமா?" கூடவே படங்களுக்கு மூன்று இணைப்பு. பினாங்கிலிருந்து ஒரு பெண். பழைய கல்லுக்கு ஜோடி செய்ய வேண்டுமென்றால் படம் பார்க்காமல் முடியாது, அதனால் இணைப்பு அனுப்பாமல் அவருக்கு வேறு வழியில்லை. அந்த இணைப்புகளே அவரை ஸ்பேமாக்கிவிட்டன. வந்து 11 நாள் ஆகியிருந்தது. அகிஸ்மெட் 15 நாள் தாண்டியதைத் தானாகவே அழித்துவிடும்.

சித்தப்பா அன்றைக்கே போன் போட்டுப் பேசிவிட்டார், 60 கல் போயிருக்கிறது. இப்போது சனிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் ஸ்பேம் பெட்டியை மேலோட்டமாகப் பார்க்கிறேன். தெரிந்த ஊர்ப் பெயர், "அங்கிள்", "ஆச்சி" ஏதாவது கண்ணில் பட்டால் நிற்பேன், இல்லாவிட்டால் மொத்தமாகக் காலி.

உங்களுடையது கூகுளின் ப்ளாகரில் நடக்கும் தளம் என்றால் வேலை இன்னும் சுலபம். கமெண்ட் மட்டுறுத்தலில் 'சில நேரங்களில்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பதிவுகளுக்கு வருவது மட்டும் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும், புதியவை நேராக வெளியாகும். அங்கேயும் ஸ்பேமுக்குத் தனிப் பகுதி உண்டு. இவ்வளவு நாளாகத் திறக்காமல் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள், உங்கள் வத்தக்குழம்பில் புளி எவ்வளவு என்று யாராவது கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.