பழைய வண்டி ஆயில் குடிக்கா? இன்ஜினைப் பிரிக்கதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

திசையன்விளையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணாச்சி, 97 மாடல் மாருதி 800, அப்பா வாங்குன வண்டி, 1,30,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. இப்போ 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊத்துதேன். போர் பண்ணி ரிங் செட் மாத்தணும்னு மெக்கானிக் சொல்லுதாரு. பண்ணவா, வேண்டாமா?"

ஒடனே பிரிக்காதீங்க தம்பி. போர்ங்கது பிஸ்டன் ஓடுத சிலிண்டர் துளை, போர் பண்ணுததுன்னா தேஞ்ச அந்தத் துளையக் கடைஞ்சு எடுக்குதது; ரிங்குன்னா பிஸ்டனைச் சுத்தி இருக்குத வளையம். 600க்கு ஒரு லிட்டர்ங்கது கூடுதல்தான், அதுல சந்தேகமே இல்ல. பழைய இன்ஜின் 1,500, 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிச்சா நான் தொடவே மாட்டேன், ஊத்தி ஓட்டுங்கன்னு விட்டுருவேன். ஆனா அந்த 600ஐ எப்படி அளந்தீங்க? சமதரையில வண்டிய நிப்பாட்டி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு, ஆயில் குச்சிய தொடச்சு திரும்ப விட்டுப் பாக்கணும். மேல்கோடு வரைக்கும் ஊத்தி மீட்டரைக் குறிச்சு வைங்க. மேல்கோட்டைத் தாண்டி ஊத்தவே கூடாது, அடியில சுத்துத கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கி ப்ரீதர், அதாவது இன்ஜின் மூச்சு விடுத பைப் வழியா வெளிய தள்ளிரும், நாம வண்டி குடிக்குன்னு நெனச்சு இன்னும் ஊத்திக்கிட்டே இருப்போம்.

அடுத்து, குடிக்கா ஒழுகுதான்னு பாக்கணும். ராத்திரி அடியில ஒரு அட்டைய விரிச்சுப் போடுங்க. காலையில சொட்டு இல்லன்னா ஒழுகலன்னு அர்த்தம் இல்ல, ஓடும்போது பிரஷர்ல மட்டும் கசியுற எடம் உண்டு. இன்ஜினை நல்லா தொடச்சு சுத்தம் பண்ணிட்டு ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டாப் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, கியர்பாக்ஸும் இன்ஜினும் சேருத எடம், இது மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஒழுகலன்னா ஆயில் உள்ளதான் எரியுது. எரிஞ்சா பொகை நீலமா வரும், கருப்புப் பொகை பெட்ரோல் கூடுனது, அது வேற வியாதி. நீலப் பொகை வருதாங்கதை விட எப்போ வருதுங்கதுதான் எனக்கு முக்கியம். காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு குப்புன்னு வந்துட்டு நின்னுருதா, இல்ல ரயில்வே கேட்டுல மூணு நிமிஷம் ஐடில்ல நின்னுட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சதும் வருதா, அப்போ வால்வு சீல் பக்கம் பாக்கணும். அந்த ரப்பர் வருஷக்கணக்கா சூட்டுல கெடந்து கல்லு மாதிரி ஆயிரும், ஆயிலைப் பிடிச்சு நிறுத்தாது. காரையார்ல இருந்து பாபநாசம் எறங்குத மாதிரி ஒரு எறக்கத்துல கியர்லயே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு வாங்க, கீழ வந்து மிதிச்சதும் பின்னாடி வர்றவர் கண்ணாடிய ஏத்துத அளவுக்குப் பொகை வந்தா அதுவும் சீல், இல்லன்னா தேஞ்ச வால்வு கைடு, அதாவது வால்வு ஏறி எறங்குத குழாய். காலை எடுத்ததும் உள்ள வெற்றிடம் கூடி ஆயிலைக் கைடு வழியா உறிஞ்சுது. இதுக்கு மாறா ஆள் ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது விடாம பொகைச்சுக்கிட்டே வந்தாதான் ரிங்கு.

பிளக் மூணையும் கழட்டி வரிசையா வைங்க. நல்ல பிளக் பிஸ்கட் கலர்ல காஞ்சு இருக்கும், ஆயில் குடிக்குத சிலிண்டரோட பிளக் கருப்பட்டிப் பாகு மாதிரி மினுமினுன்னு ஈரமா இருக்கும். ஒண்ணு மட்டும் அப்படின்னா கோளாறு அந்த ஒத்த சிலிண்டர்ல. மூணுமேன்னா முதல்ல டாப் கவர்ல இருந்து ஏர் ஃபில்டருக்குப் போற ப்ரீதர் பைப்பைக் கழட்டி ஊதிப் பாருங்க, அது அடச்சா உள்ள காத்து போக வழியில்லாம ஆயிலைத் தள்ளிரும். உங்க ஊர்ல இன்னொண்ணு, தேரி மண்ணு. ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல உள்ள ரப்பர் கிழிஞ்சிருந்தா ஆடிக் காத்துல அந்தச் செம்மண்ணு நேரா உள்ள போயி ரிங்கையும் போரையும் அரச்சுரும். அதைச் சரி பண்ணாம புது ரிங்கு போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல போயிரும்.

கடைசியா கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்குன்னு பிளக் ஓட்டையில கேஜ் வச்சுப் பாக்குதது. இன்ஜின் சூடா இருக்கணும், மூணு பிளக்கும் வெளிய, காயில் ஒயரைக் கழட்டிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சு கேஜ் காட்டுததை எழுதுங்க. அப்புறம் ஒரு டீஸ்பூன் ஆயில் சிலிண்டர்ல விட்டு திரும்ப எடுங்க. கேஜ் நல்லா ஏறுனா ரிங்கு தேஞ்சிருக்கு. ஏறலன்னா வால்வு சரியா உக்காரல, இல்ல ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டருக்கும் அதுக்கு மேல வால்வு இருக்குத ஹெட்டுக்கும் நடுவுல உள்ள பேக்கிங். இதுல ஒரு விஷயம் நெறைய மெக்கானிக்கே விட்டுருவாங்க: கம்ப்ரஷன் நல்லா இருந்தாலும் ஆயில் குடிக்கலாம். வால்வு சீல் கெட்டது கேஜ்ல தெரியாது, பிஸ்டன்ல அடியில உள்ள ஆயில் ரிங்கு கரி பிடிச்சு ஒட்டிக்கிட்டாலும் தெரியாது.

நான் தொழிலுக்கு வந்த புதுசுல பேட்டையில ஒருத்தர் வண்டிக்கு போர் பண்ணி புது பிஸ்டன் போட்டு இறக்கினேன். மறுநாள் காலையில அதே பொகை. கெட்டது ஹெட்ல இருந்த சீலு. அவருக்கு அது மக பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வச்சிருந்த காசு, இன்னைக்கும் அவர் முகம் எனக்கு மறக்கல, அதனாலதான் இவ்வளவு சொல்லுதேன்.

உங்க வண்டில வால்வு ஆறுதான், சீலும் ஆறுதான். ஹெட்டை எறக்கி சீல் மாத்தி, கைடு ஆட்டம் பாத்து, வால்வு கிரைண்ட் பண்ணுத டாப் வேலை, போர் வேலைல ஒரு பங்கு செலவுதான் வரும். எறக்கம், கேட்டு, காலை ஸ்டார்ட்டுன்னு பொகை வந்தா அதோட நிறுத்துங்க. மேட்டுல பொகை, ஆயில் விட்டதும் கேஜ் ஏறுது, ஆயில் மூடியக் கழட்டுனா குபுகுபுன்னு காத்து தள்ளுது, இது மூணும் சேந்து வந்தா மெக்கானிக் சொன்னதுதான் சரி, பண்ணிருங்க.

அதுவரைக்கும் டிக்கில ஒரு லிட்டர் ஆயில் கெடக்கட்டும், 200 கிலோமீட்டருக்கு ஒருக்க குச்சியப் பாருங்க. வள்ளியூர் போற வழியில ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சா வீடு வரைக்கும் தாங்கும்னு ஓட்டாதீங்க, அந்த எடத்துலயே ஆஃப் பண்ணுங்க.